தையல் மெஷினோடு நிறுத்திவிடலாமா?

காதுகேளாத பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, சீக்கிரமே தையல் பழக்கிவிடலாம் என்ற வாதம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றுகிறது. 1880இல் மிலானில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு சைகைமொழியை வகுப்பறையிலிருந்து விலக்கச் சொன்னது. உதட்டசைவைப் பார்த்தே பாடம் புரிய வேண்டும் என்று தலைமுறைகள் வதைபட்டன. அத்தீர்மானத்தை 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு நிராகரித்தது. மொழியைப் பறித்துவிட்டுப் பிள்ளையைக் குறைசொல்வது என்ன நியாயம்? காதுகேளாதோருக்குச் சைகைமொழியில் கற்பித்த வாஷிங்டனின் காலடெட் கல்லூரி 1864இலேயே பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றுவிட்டது.

கைத்தொழில் சோறு போடுமே என்பார்கள். போடும், மறுக்கவில்லை. ஆனால் கூலிக் கணக்கையும் ஒப்பந்தத்தையும் வாசிக்கத் தெரியாத தொழிலாளியை யாரும் ஏமாற்றலாம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் செவித்திறன் குறைந்தோருக்கு 1 சதவீதம் ஒதுக்குகிறது. அந்த ஒதுக்கீட்டில் வரும் பெரும்பாலான பணிகளுக்குத் தையல் சான்றிதழ் உதவாது. சைகைமொழி அறிந்த ஆசிரியரை முதல் வகுப்பிலேயே நியமியுங்கள். தொழிலைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.