அவர் கழற்றி வைத்த மோட்டார் சைக்கிள்



சென்ற மாதம் தையல் மெசினைக் கழற்றித் துப்புரவாக்குவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி இப்படிக் கடிதம் அனுப்பியிருந்தார்.

"அக்கா, மெசினைக் கழற்றிப் பூட்டப் பழகிவிட்டேன். ஆனால் அவருடைய சைக்கிள் சாக்கால் மூடினபடி பத்திக்குள் கிடக்கிறது. அதைத் தொட மனம் வருகுதில்லை. தொட்டால், அவர் இனி வரமாட்டார் என்று நானே முடிவு கட்டினமாதிரி இருக்கு. நான் என்ன செய்ய?"

இந்தக் கடிதத்தை நான் பல நாட்கள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் மோட்டார் சைக்கிள் திருத்துபவர். 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோமே, அந்த வேலையில் அவர் கைதேர்ந்தவர். 2007 ஆம் ஆண்டு ஒரு காலை வேலைக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. அப்போது மகளுக்கு ஒரு வயது.

அவர் போகும்போது வீட்டில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் துண்டு துண்டாகக் கிடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாங்கிய பி.எஸ்.ஏ. பன்ரம். "இதைப் புதுசாக்கி உன்னை ஏத்திக்கொண்டு நல்லூருக்குப் போவன்" என்று சொல்லிச் சொல்லியே கழற்றினார். சட்டம் சுவரில் சாத்தியிருந்தது. மற்றதெல்லாம் ஆறு பெட்டிகளில். ஒவ்வொரு சாமானையும் பழைய பேப்பரில் சுற்றி, அதன்மேல் பேனையால் எழுதி வைத்திருந்தார். பதினைந்து வருசம் நாங்கள் அந்தப் பெட்டிகளைத் திறக்கவில்லை. "என்ர பிள்ளை வந்து கேப்பான், ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்று மாமி சொல்லிவிட்டா. எனக்கும் அதுவே மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

2022 இல் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வாகனங்கள் சேர்ப்பவராம். பெட்டிகளோடு அப்படியே ஒன்றரை இலட்சம் தருவதாகச் சொன்னார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மகளின் படிப்புச் செலவும் இருந்தது. எனக்கு ஆசை வராமல் இல்லை. ஆனால் வாகனப் புத்தகம் என் கணவரின் பெயரில் இருந்தது. விசாரிக்கப் போன இடத்தில், "மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்கள். ஒரு மோட்டார் சைக்கிளை விற்பதற்காக, அவர் செத்துவிட்டார் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா? வீட்டுக்கு வந்து அடுப்படியில் இருந்து அழுதேன். அன்றிரவுதான் மகள் கேட்டாள்.

"அம்மா, விக்கவும் ஏலாது, வைச்சிருந்தாலும் கறள் தின்னப் போகுது. நாங்களே பூட்டினா என்ன?"

மாமி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அயலவர்கள் சிரித்தார்கள். "பொம்பிளையளுக்கு என்ன கராஜ் வேலை" என்றார்கள். நான் இரண்டு நிபந்தனைகளோடு இறங்கினேன். ஒன்று, இதற்காகக் கடன் வாங்குவதில்லை. நுண்கடன் வாங்கிப் பட்ட பாட்டை நம்மில் எத்தனை பேர் அறிவோம்! தையலில் வருவதில் மாதம் ஒரு சிறு தொகை மட்டும். இரண்டாவது, அவர் எழுதிய ஒரு பேப்பரையும் எறிவதில்லை.

இந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி மகள் தேடிப் படித்துச் சொன்னவை எனக்கு வியப்பாக இருந்தன. பி.எஸ்.ஏ. என்பது இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1861 இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கிய கம்பனி. ஒன்றோடொன்று சாத்தி நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்தான் அதன் சின்னம். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை. பன்ரம் இங்கிலாந்தில் பிறந்ததுமல்ல. ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பனி செய்த ஆர்.ரி. 125 என்ற வண்டியின் வரைபடங்கள், இரண்டாம் உலகப் போரில் தோற்ற நாட்டின் நட்டஈடாக வெளியே போயின. அதை வைத்து 1948 இல் பன்ரம் வந்தது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனும், சோவியத் நாட்டிலும், இதையே பார்த்துச் செய்தார்கள். 1955 இல் ஜப்பானின் யமஹா விட்ட முதல் மோட்டார் சைக்கிளும் இதே வார்ப்புத்தான். தோற்றவர்களின் கைவேலை ஊரூராய்ப் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

எங்களுடையது முதல் வகை, டி1. 123 சிசி, மூன்று கியர், வெளிர் பச்சை நிறம். இது 1963 வரை வந்த வகை. பன்ரம் செய்வதை 1971 இல் அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

வேலையில் நாங்கள் படித்தவற்றைச் சொல்கிறேன். எந்தப் பழைய இயந்திரத்துக்கும் இவை உதவும்.

முதலில் பெயின்ற் அடிக்க ஓடக்கூடாது. இயந்திரம் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பிஸ்ரன் சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தது. பிளக் துவாரத்தால் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஒரு கிழமை விட்டோம். பிறகு கையால் மெல்ல மெல்ல அசைத்தோம். கோபத்தில் கிக்கரை மிதித்திருந்தால் உடைத்திருப்போம்.

இரண்டாவது, ஸ்பனர். இப்போது கடையில் கிடைப்பவை மில்லிமீற்றர் கணக்கு. பழைய ஆங்கில வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கு. "கிட்டத்தட்டச் சரி" என்று பொருந்தாத ஸ்பனரைப் போட்டால் நட்டின் மூலைகள் தேய்ந்துவிடும். அவருடைய ஸ்பனர்கள் ஐந்தாம் பெட்டியில் ஒயில் துணியில் சுற்றியபடி இருந்தன. அதில் ஒரு பொட்டுக் கறளும் இல்லை.

பெற்றோல் தாங்கிக்குள் கறள் பிடித்திருந்தது. வினாகிரி ஊற்றி, சிறு கூழாங்கற்கள் போட்டு, நானும் மகளும் மாறி மாறிக் குலுக்கினோம். பிறகு அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவைத்தோம். மக்னெற்றின் பொயின்ற்றை மெல்லிய அரத்தாளால் துடைத்து, இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு வைத்தோம். இந்த நுணுக்க வேலை எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. மெசினில் நூல் இழுவை பார்க்கிற கைதானே! சந்திக் கராஜில் இருக்கும் வயதான அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துச் சொல்லித்தந்தார். "தங்கச்சி, உன்ர மனுசன் சுத்தி வைச்சிருக்கிற சீரைப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு" என்றார்.

இப்படி இரண்டு வருசம் ஓடியது. பூட்டி முடித்தோம். ஆனால் ஸ்ராட் வரவில்லை. பிளக்கில் நெருப்பு வந்தது. பெற்றோலும் இறங்கியது. கிக் அடித்து அடித்து எனக்குக் கால் வீங்கியது. ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு, சாக்கால் மூடிவிட்டேன். "எல்லாம் வீண்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அதை மாமி கேட்டுக்கொண்டிருந்தா போலும். அடுத்தநாள் விடிய தன் கட்டிலுக்கடியில் இருந்து ஒரு பிஸ்கட் பேணியை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தா. ஆறு பெட்டி என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது ஏழாவது. அவருடைய கடிகாரப் பட்டி, அடையாள அட்டைப் பிரதி, ஒரு சின்னக் கொப்பி, திறக்காத இரண்டு பக்கற்றுகள். கொப்பியில் அவருடைய எழுத்து: "கிராங்க் சீல் மாத்தாமல் பூட்டக்கூடாது."

கராஜ் அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு ஸ்ரோக் இயந்திரத்தில் பெற்றோலும் காற்றும் முதலில் பிஸ்ரனுக்குக் கீழே உள்ள அறைக்குள் போய், அங்கே அமுங்கித்தான் மேலே ஏறும். அந்த அறையை அடைத்து வைத்திருப்பவை கிராங்கின் இரு பக்கமும் உள்ள இறப்பர் சீல்கள். அவை காய்ந்து வெடித்தால் காற்றுக் கசியும். பிறகு எவ்வளவு உதைத்தும் பயனில்லை. பக்கற்றில் இருந்தவையும் இத்தனை வருசத்தில் இறுகிப் போயிருந்தன. ஆனால் அவற்றின் மேல் அளவு இலக்கம் இருந்தது. அதைக் கொண்டுபோய் பெயரிங் கடையில் புதிது வாங்கினோம். முழு இயந்திரத்தையும் மறுபடி கழற்றினோம்.

2024 இல் ஒரு பின்னேரம். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஐம்பது மில்லிலீற்றர் ஒயில் கலந்து விட்டோம். நாலாவது கிக்கில் பிடித்தது. முற்றம் முழுக்க நீலப் புகை. மகள் துள்ளினாள். நான் திரும்பிப் பார்த்தேன். மாமி படலையடியில் நின்றா. சத்தம் கேட்டதும் அவவின் கால்கள் தன்பாட்டில் படலைக்குப் போயிருக்கின்றன. வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பி வந்தா. நான் இயந்திரத்தை நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாத பிள்ளை, ஓடட்டும்" என்றா. பிறகு இருக்கையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தபடி சொன்னா, "வந்தானெண்டால் கோவிக்க மாட்டான்."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் பதினேழு வருசம் காத்திருந்தேன் போலும்.

இன்னும் அது வீதிக்கு ஏறவில்லை. வருமான அனுமதிப் பத்திரம், காப்புறுதி எல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டும். வளவுக்குள் ஓடிப் பழகுகிறேன். இந்த வண்டிக்குக் கியர் வலக்காலில், பிறேக் இடக்காலில். மாறி மிதித்து வாழைக்குள்ளும் ஒருமுறை போய் விழுந்தேன். விற்பதா, வைத்திருப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. கூரையைத் தையல் காசில் பாதி வேய்ந்துவிட்டோம்.

பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. காணாமல் போனவர் இறந்தார் என்று எழுதாமல், அவரைக் காணவில்லை என்பதையே உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றுக்கு 2016 இல் சட்டம் வந்தது. அவருடைய சொத்துக்களைக் குடும்பத்தார் பராமரிக்கவும், நலன்புரி உதவிகள் பெறவும் அது உதவும். அதைப் பற்றித் தெரியாமல் நான் பல வருசம் இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதைக் கேட்பதால் நாம் தேடுவதை விட்டுவிட்டோம் என்று ஆகாது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: அந்தச் சைக்கிளை விற்கச் சொல்லவில்லை, ஓடச் சொல்லவும் இல்லை. சாக்கை மட்டும் ஒருநாள் எடுத்துவிட்டு, செயினுக்குக் கொஞ்சம் ஒயில் விடுங்கள். ரயருக்குக் காற்றடித்து வையுங்கள். அவர் வந்தால் ஓடக்கூடியதாக இருக்கட்டும். அதுவரை உங்களுக்கும் சந்தைக்குப் போய்வர உதவும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.