பார்மட்டுங்கறது வைத்தியம் இல்லீங்க

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஆலத்தியூர்ல இருந்து சித்தப்பா போன். சிமெண்ட் ஆலையில ஷிப்ட் முடிச்சிட்டு நேரா கம்ப்யூட்டர் கடையில போய் நிக்கிறார்.

"டேய், நேத்துல இருந்து நீலக் கலர்ல என்னமோ வருது. பார்மட் அடிச்சாத்தான் சரியாகும்ங்கறாங்க. அடிக்கச் சொல்லட்டா?"

நானும் பொட்டி தட்டுறவன்தான். "சரி, அடிக்கச் சொல்லுங்க"ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஏதோ ஒரு சந்தேகத்துல, "பழைய டிஸ்க் எங்க?"ன்னு கேட்டேன். எல்லாத்தையும் புது எஸ்எஸ்டி-ல காப்பி பண்ணிட்டு, பழசை பார்மட் பண்ணி டி டிரைவா மாட்டிக் கொடுத்துட்டாங்களாம். அப்பாயி போட்டோ பூரா அந்தப் பொட்டியிலதான் இருக்கு. அப்பாயி இப்ப இல்ல. வேற காப்பியும் இல்ல. எனக்கு வேர்த்துடுச்சு.

நடந்தது இதுதான். முதல் நாள் நல்லாத்தான் ஓடியிருக்கு. மறுநாள் 'எஸ்எஸ்டி-க்கு ஏஹெச்சிஐ வச்சாத்தான் வேகம்'னு பயாஸ்ல சாட்டா மோடை ஐடிஈ-ல இருந்து மாத்திட்டாங்க. சொன்னது தப்பில்ல. ஆனா விண்டோஸ் 10, பூட் ஆகறதுக்குத் தேவைப்படற டிரைவரை மட்டும்தான் தயாரா வச்சிருக்கும். ஐடிஈ-ன்னு நெனச்சு எந்திரிச்சா எதிர்ல ஏஹெச்சிஐ நிக்குது. 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்'னு நீலத்திரை போட்டுட்டுப் படுத்துக்கும். அவ்ளோதான். டிஸ்க்ல இருக்கற ஒரு பைல் கூடப் போகல.

அது ஏன் ஐடிஈ-ல இருந்துச்சுங்கறது தனிக் கதை. அது 2012-ல அசெம்பிள் பண்ண பொட்டி. ஏஹெச்சிஐ 2004-லயே வந்தாச்சு, ஆனா எக்ஸ்பி-ல அதுக்கு டிரைவர் கிடையாது. எப்6 அமுக்கி ஃப்ளாப்பியில கொடுக்கணும். 2012-ல ஃப்ளாப்பிக்கு எங்க போறது? ஐடிஈ-ன்னு வச்சு எக்ஸ்பி-யை ஏத்திட்டாங்க. அப்புறம் செவன், டென்னு மாறினப்பவும் அதை யாரும் தொடல.

இப்ப என் கோவத்துக்கு வர்றேன். ஒரு செட்டிங்கை மாத்தினோம், உடனே படுத்துச்சு. அந்த செட்டிங்கைத் திருப்பி வச்சுப் பாக்கலாம்னு ஏங்க தோணல? மோட்டார் ஓடலேன்னா ஃபீஸைப் பாக்காம யாராவது புது போர் போடுவாங்களா? திரையில எழுதியிருக்கறதைப் படிச்சா காசு வராது, பார்மட் அடிச்சா காசு வரும். கடையை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்ல. பி.ஈ. படிச்ச நம்ம ஆளுங்களே வாயைத் தொறந்தா 'ரீஇன்ஸ்டால் பண்ணிடு'தான்.

அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குல இந்த அலட்சியம் செல்லுபடியாச்சு. பார்மட் அடிச்சாலும் ரெகவரி சாப்ட்வேர் போட்டு பாதியாவது தோண்டி எடுத்துடலாம். எஸ்எஸ்டி-ல அந்தப் பாச்சா பலிக்காது. ட்ரிம்னு ஒரு கட்டளை இருக்கு, விண்டோஸ் 7 காலத்துலருந்து. ஃபைலை அழிச்சாலோ பார்மட் அடிச்சாலோ 'இந்த இடமெல்லாம் எனக்கு வேண்டாம்'னு விண்டோஸே டிஸ்க்குக்குச் சொல்லிடும். அதுவும் துடைச்சிடும். அஞ்சு நிமிஷத்துல அப்பாயி காலி. வேகத்துக்காக வச்ச நல்ல ஏற்பாடுதான், ஆனா அப்பறம் 'ஐயோ'ங்கறதுக்கு அங்க இடமில்ல.

போன்லயே திருப்பி ஐடிஈ வைக்கச் சொன்னேன். பூட் ஆயிடுச்சு. முதல் வேலையா போட்டோவையெல்லாம் பென்டிரைவ்ல ஏத்தச் சொன்னேன். அப்புறம் எம்எஸ்கான்ஃபிக் போய் பூட் பக்கத்துல சேஃப் பூட்டுக்கு டிக், ரீஸ்டார்ட், பயாஸ்ல ஏஹெச்சிஐ. சேஃப் மோடுல ஏறினதும் டிரைவரை அதுவே பிடிச்சுக்கிச்சு. டிக்கை எடுத்துட்டு இன்னொரு ரீஸ்டார்ட். பத்து நிமிஷம். (பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கணும், சேஃப் மோடுல பின் நம்பர் சில சமயம் ஏத்துக்காது. புது லேப்டாப்பா இருந்தா பிட்லாக்கரோட 48 இலக்க சாவி கைல இல்லாம பயாஸ்ல கையே வைக்காதீங்க.)

வைரஸ் ஏறி நாறிப்போன பொட்டிக்கு பார்மட் வேணும்தான், மறுக்கல. அதுக்கும் காப்பி எடுத்துட்டுத்தான்.

கடைக்காரப் பையன் நல்ல பையன். கடைசியா போனை வாங்கி, "அண்ணே, அந்த எம்எஸ்கான்ஃபிக் மேட்டரை இன்னொருவாட்டி சொல்லுங்க, எழுதிக்கறேன்"ன்னான். சொன்னேன். பார்மட்டுக்குன்னு சொல்லியிருந்த காசை மட்டும் சித்தப்பாகிட்ட குறைக்காம வாங்கிட்டான் :)