கோயில் கேட் ரிமோட்டை நகல் எடுக்காதீங்க!

கொஞ்சம் காரமாத்தான் எழுதுறேன்.

நம்ம கோயில் ஆட்டோகேட்டுக்கு நிர்வாகம் வாங்கினது நாலு ரிமோட். இன்னிக்கு எத்தனை பேர் கையில இருக்கு? பதில் சொல்ல ஆளில்லை. பழைய செயலவையினர், பந்தல்காரர், சமையல்காரர்னு ஆளாளுக்குச் சாவிக்கடையில நகல் எடுத்தாச்சு. கொடுத்த ரிமோட்டைத் திருப்பி வாங்கலாம், நகலை?

"சாமி இடத்துல யாருங்க திருடப் போறா?" உண்டியல் உடைஞ்ச செய்தியே படிக்காதவங்க பேச்சு இது. தோட்டத்தை வித்தப்போ நம்ம பெரியவங்க தலையில சுமந்து ஈப்போவுக்குக் கொண்டுவந்த உற்சவர் உள்ளே இருக்கார்.

ரிமோட் பின்மூடியைக் கழட்டிப் பாருங்க. எட்டு சின்ன சுவிட்ச், மேலே கீழேன்னு ரெண்டே நிலை. மொத்தம் 256 விதம், அவ்வளவுதான். எப்போ அழுத்தினாலும் அதே குறியீடுதான் போகும். 2015-ல் சாமி கம்கார் என்ற அமெரிக்கர், பிள்ளைங்க விளையாட்டுச் சாமான் ஒன்றை மாற்றியமைத்து, இப்படி மாறாத குறியீடு உள்ள கராஜ் கதவுகளை 10 வினாடிக்குள் திறந்து காட்டினார். (பேருதான் சாமி!)

ரோலிங் கோட் ரிசீவர் போடுங்க. ஒவ்வொரு அழுத்துக்கும் புதுக் குறியீடு. பழசை ரிசீவர் ஏற்காது. ஒரு ரிமோட் தொலைஞ்சா நினைவகத்தை முழுசா அழிச்சு, கையில உள்ளதை மட்டும் மறுபடி பதியலாம். செலவாகும்னு இழுக்கிறவங்க திருவிழாப் பட்டாசுக் கணக்கை எடுத்துப் பாருங்க.

அதுவரைக்கும் ரிசீவர்லயும் நாலு ரிமோட்லயும் சுவிட்சை மாத்தி, யார்கிட்ட எதுன்னு நோட்டுல எழுதுங்க. ஞாயிறு பூசை முடிஞ்சதும் என் நகலை அலுவலக மேசையில வைக்கிறேன். ஆமா, என்கிட்டயும் ஒண்ணு இருக்கு.