கிளிக் பண்ணா திருத்தலாம்... கண்ணுல படாத தலைப்பை?

புகார் கொடுத்தவர் பெயரும் கைதானவர் பெயரும் செய்தியில் இடம் மாறிடுச்சுன்னு வைங்க. ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. செய்தித் தளத்தை இயக்கும் சிஎம்எஸ்ஸில் 'விஷுவல் எடிட்டிங்' இருந்தால், ப்ரிவியூவில் தப்பான வரியைக் கிளிக் செய்ததுமே அதற்குரிய கட்டம் திறக்கும். சானிட்டி போன்ற சிஎம்எஸ்களில், வரி எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்ற விவரம் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளாக அந்த வரியோடவே ஒட்டி வரும்.

அவசியமான வசதிதான். ஆனா, ப்ரிவியூ காட்டுறது பக்கத்தில் இருப்பதை மட்டும். கூகுள் தேடலுக்கும் வாட்ஸ்அப் லிங்க்கோடு வரும் அட்டைக்கும் தனித் தலைப்பு கொடுத்திருந்தால், அது இங்கே தெரியாது. கிளிக் செய்யவும் முடியாது. பக்கத்தைத் திருத்திய பிறகும் தப்பான பெயர் அங்கே அப்படியே நிற்கும்.

அதனால இந்த வசதியைச் சேர்க்கும்போதே, அந்த இரண்டு தலைப்புகளையும் ப்ரிவியூவில் பக்கத்தோடு சேர்த்துக் காட்டணும். லிங்க்கைத் திறக்காமல் அட்டையை மட்டும் படிச்சிட்டுப் போறவங்களும் இருக்காங்களே!