அந்த செல்ஃபியை ஏன் கேட்குறாங்க? டீமேட் ஆப்ல நாம வேகமா தாண்டிப்போற கேள்விகள்!

புது ஐ.பி.ஓ வருதுன்னு வாட்ஸ்அப் குரூப்ல யாரோ சொல்ல, ஆர்டர் பண்ண டீ வர்றதுக்குள்ள ஆப்பை டவுன்லோடு பண்ணி டீமேட் அக்கவுன்ட் ஓப்பன் பண்ற காலம் இது. பான் நம்பர், ஆதார் ஓ.டி.பி, ஒரு செல்ஃபி, வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து. நடுவுல ஏதேதோ கேள்விகள். நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... சப்மிட்! 'பணம் போடுறதே நான்தான், என்கிட்டயே எதுக்கு இவ்ளோ கேட்குறீங்க'ன்னு எரிச்சல்கூட வரும். காரணம் தெரியணும்னா 20 வருஷம் பின்னாடி போகணும்.

2005-ல யெஸ் பேங்க், ஐ.டி.எஃப்.சி ஐ.பி.ஓக்கள் வந்தப்போ, சிறு முதலீட்டாளர்களுக்குன்னு தனி ஒதுக்கீடு இருந்துச்சு. ஒரு சிலர் அதைக் குறிவெச்சு ஆயிரக்கணக்கான போலிப் பெயர்கள்ல டீமேட் கணக்கு தொடங்கி விண்ணப்பிச்சாங்க. கிடைச்ச பங்குகளை எல்லாம் ஒருசிலர் கணக்குக்கு மாத்தி, லிஸ்ட் ஆனதும் ஏறின விலைக்கு வித்துட்டாங்க. செபி தோண்டிப் பார்த்தா, ஆயிரக்கணக்கான 'முதலீட்டாளர்'களுக்கு ஒரே முகவரி! ஃபார்ம் எல்லாம் இருந்துச்சு, ஆள்தான் இல்லை. நியாயமா விண்ணப்பிச்ச சாதாரண மக்களுக்குக் கிடைக்க வேண்டிய பங்குகள் அப்படித்தான் போச்சு. 2006-ல செபி உத்தரவு போட்டுச்சு. அதே வருஷம் டீமேட் கணக்குக்கு பான் கட்டாயம் ஆச்சு.

இப்போ அந்த செல்ஃபிக்கு வருவோம். கேமரா முன்னாடி உயிரோட ஒரு ஆள் இருக்காரா, இல்ல பழைய போட்டோவைக் காட்டுறாங்களான்னு பார்க்கத்தான் அது. லொகேஷன் கேட்குறது, நீங்க இந்தியாவுக்குள்ள இருக்கீங்களான்னு தெரிஞ்சுக்க. பேங்க் அக்கவுன்ட்டுக்கு திடீர்னு 1 ரூபாய் வந்து விழுதே, அது அந்தக் கணக்கு உங்க பேர்லதான் இருக்கான்னு சரிபார்க்க.

நாம அலட்சியமா டிக் பண்றது வருமானக் கேள்வியைத்தான். ஏதோ சர்வேன்னு நினைச்சு வாய்க்கு வந்ததைப் போட்டுடுவோம். ஆனா, சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்படி (2002) புரோக்கர்கள் உங்க வருமானத்தையும் வரவு செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கீழேன்னு சொன்ன காலேஜ் ஸ்டூடன்ட் கணக்குல கோடிக்கணக்குல டிரேடிங் நடந்தா, அங்கே ஒரு அலெர்ட் அடிக்கும். சந்தேகம் தீரலைன்னா விஷயம் டெல்லியில இருக்கிற நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். அப்படி ரிப்போர்ட் போனதை புரோக்கர் உங்ககிட்ட சொல்லவும் கூடாது. அதுதான் விதி.

இன்னொரு இம்சை, பேர் பொருத்தம். பயங்கரவாதத் தொடர்புக்காக ஐ.நா பாதுகாப்பு கவுன்சில் தடை விதிச்சவங்களோட பட்டியலோட உங்க பேரையும் ஒப்பிடுவாங்க. ஒரே மாதிரி பேர் இருந்தா பிறந்த தேதி, முகவரின்னு பார்த்து விலக்குவாங்க. அதைவிட, தமிழ்நாட்டுக்காரங்களை அதிகம் படுத்துறது நம்ம இனிஷியல்தான். பான் விண்ணப்பத்துல இனிஷியலை விரிச்சு எழுதணும். அதனால அப்பா பேர் கடைசிப் பேரா உட்கார்ந்துக்கும். ஆதார்ல வெறும் 'எஸ்' மட்டும் இருக்கும். பேங்க்ல அந்த 'எஸ்' முன்னாடி வரும். ஒரே ஆள், மூணு பேர்! மெஷினுக்கு நம்ம ஊர் வழக்கம் எங்கே புரியுது? ஐ.பி.ஓ கடைசி நாள்ல இதோட மல்லுக்கட்டாம, பேரை எல்லா இடத்துலயும் முன்னாடியே ஒரே மாதிரி மாத்தி வெச்சுடுங்க.

இதெல்லாம் அலைச்சலோட முடிஞ்சுடும். நிஜ ஆபத்து வேற. 2005-ல போலிப் பேர் போதும். இப்போ செல்ஃபி, ஆதார்னு எல்லாம் வந்ததால, மோசடிக்காரங்களுக்கு நிஜ ஆளே தேவைப்படுது. அந்த ஆளா உங்களை வாடகைக்குக் கேட்குறாங்க. 'உன் பேர்ல ஒரு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணிக் குடு, சிம்மையும் குடு, மாசம் கமிஷன் தர்றேன்'னு டெலிகிராம்ல வர்ற ஆஃபர் எல்லாம் இதுதான். ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு மூலமாவும் வரும். யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியார்கிட்ட ஏமாத்தின பணம் உங்க கணக்கு வழியாப் போகும். போலீஸ் முதல்ல முடக்குறது உங்க அக்கவுன்ட்டை. ஏன்னா கே.ஒய்.சி பக்காவா இருக்கிறது உங்க பேர்லதான்! தெரிஞ்சே உதவினதா நிரூபணமானா, மேலே சொன்ன அதே சட்டத்துல 3 முதல் 7 வருஷம் வரை கடுங்காவல் தண்டனை.

'நான் அம்மா பேர்ல ஐ.பி.ஓ அப்ளை பண்றேனே, அதுவும் தப்பா பாஸ்?'னு கேட்குறீங்களா? அம்மா தன்னோட பணத்துல, தன்னோட பேங்க் கணக்குல இருந்து விண்ணப்பிச்சா ஒரு பிரச்னையும் இல்லை. அம்மா பேர்ல அப்ளை பண்ணிட்டு உங்க யு.பி.ஐ-ல பணம் கட்டினா, விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

சரி, இவ்ளோ தூரம் நம்மளை செக் பண்றாங்களே, பணம் வாங்குறவனை யார் செக் பண்றது? போலி டிரேடிங் ஆப்ல பணத்தை இழந்தவங்க கேட்ட கேள்வி இதுதான். 2025 அக்டோபர்ல இருந்து செபி ஒரு வழி கொடுத்திருக்கு. செபியில பதிவுபெற்ற புரோக்கர், மியூச்சுவல் ஃபண்டுகளோட யு.பி.ஐ ஐடியில '@வேலிட்'ங்கிற வார்த்தையோட பேங்க் பேரும் ஒட்டி வரும். 'செபி செக்'ங்கிற வசதியில அந்த ஐடியைப் போட்டோ, க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணியோ சரிபார்க்கலாம். பேங்க் அக்கவுன்ட் நம்பர், ஐ.எஃப்.எஸ்.சி கோடு போட்டும் பார்க்கலாம். 'வி.ஐ.பி டிரேடிங் குரூப்' அட்மின் அடுத்த தடவை யாரோ ஒரு தனி ஆளோட யு.பி.ஐ-யை அனுப்பி 'இதுல போடுங்க சார்'னு சொன்னா, பணம் போடுறதுக்கு முன்னாடி அந்த ஐடியை அங்கே போட்டுப் பாருங்க.