பிரேக் தானாக ஃபெயில் ஆவதில்லை!



'பிரேக் பிடிக்காததால் விபத்து' என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். படித்தவர்கள் "ஐயோ பாவம், விதி!" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பி விடுகிறார்கள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிற நாமும் அப்படித் திருப்பிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. பிரேக் பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டு நாம்தான் அதைச் சாகடிக்கிறோம்!

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. 1978-இல் போஷ் நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் காரில் வந்தது. சக்கரம் 'லாக்' ஆகிச் சறுக்கினால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஏ.பி.எஸ். என்ன செய்கிறது? சக்கரம் நிற்கப் போவதை சென்சார் மூலம் அறிந்து, பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. வண்டி நம் கைக்கு அடங்கி நிற்கிறது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கும், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கும் இது கட்டாயம்.

1997-இல் சுவீடனில் நடந்ததை நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். குறுக்கே வரும் மானைத் தவிர்ப்பது போல ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்துத் திருப்பும் ஒரு சோதனையில், புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தியது, சஸ்பென்ஷனை மாற்றியது, தடுமாறும் காரைத் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு நேராக்கும் இ.எஸ்.பி. கருவியை எல்லா ஏ-கிளாஸ் கார்களுக்கும் பொருத்தியது. இதில் நமக்கு என்ன பாடம்? பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் என்று புத்தகத்தில்தான் மூன்று அத்தியாயம். ரோட்டில் மூன்றும் ஒன்றுதான். ஷாக் அப்சார்பர் போய்விட்டால் டயர் குதிக்கும். தரையைத் தொடாத டயருக்கு எவ்வளவு நல்ல பிரேக் இருந்து என்ன பயன்?

அதே சமயம், எந்தக் கருவியும் இயற்பியலை மாற்றிவிடாது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. உராய்வு எண் 0.7 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பின் சுமார் 9 மீட்டர், 80 கி.மீ. வேகத்தில் 36 மீட்டர். காலைத் தூக்கி பிரேக்கில் வைக்க ஒரு நொடி ஆகுமே, அதற்குள் முறையே 11 மீட்டரும் 22 மீட்டரும் ஓடியிருக்கும். சரளைக்கல் மேல் ஏ.பி.எஸ். இருந்தும் நிற்கும் தூரம் கூடலாம். "ஏ.பி.எஸ். இருக்குடா, பயப்படாதே" என்று முறுக்குகிற நண்பர்கள் கவனிக்க!

இனி, பிரேக் எப்படிச் சாகிறது என்று பார்ப்போம். டாட்-3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் சேர்ந்த பிறகு அதன் தர அளவு 140 டிகிரிதான். மலை இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏர் பிரேக் லாரியில் லைனிங் தேயத் தேய புஷ் ராடு அதிக தூரம் நகர வேண்டும். ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கவனிக்காமல் விட்டால், ஒரு கட்டத்தில் டேங்க் நிறையக் காற்று இருந்தும் டிரம்மில் பிடிப்பு இருக்காது. இதெல்லாம் விதியா? ஸ்பேனர் எடுக்காத சோம்பல்!

என் அப்பா லாரி டிரைவர். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "மலை ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர்டா" என்பார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் அப்படித்தான் இறங்குவார். அதற்கு 'என்ஜின் பிரேக்கிங்' என்று பெயர் என்பதை நான் இங்கு வந்துதான் படித்தேன். ஏட்டில் எழுதும் முன்பே அவர் காலுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் புது வண்டியில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தபோது, "இது என்னடா, பிரேக்கு நல்லாத்தானே பிடிக்குது?" என்று கேட்டார். சாதா பிரேக் வேலை செய்யும், சறுக்கினால் காப்பாற்றும் வேலை மட்டும் நின்றிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. புது நுட்பம் வண்டியில் ஏறிவிட்டது. வண்டி ஓட்டுபவரிடம் வந்து சேரவில்லை. இதுதான் இன்றைய உண்மையான சவால். விளக்கு எரிகிறதே என்று வயரைப் பிடுங்கி விடும் கைகளும் அதனால்தான் இருக்கின்றன. அவர்களைத் திட்டி என்ன பயன்? சென்சாரில் ஒட்டிய அழுக்கைத் துடைத்துப் பார்க்க அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

சென்னை பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. அதே பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசையே வென்றது. பிரேக் செய்வதில் தமிழ்நாடு யாருக்கும் சளைத்ததல்ல. அதைப் பேணுவதில் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

என் யோசனைகள் இரண்டு. ஒன்று, நம் ஒர்க்‌ஷாப்பில் ஓடும் நிலையில் ஒரு ஏ.பி.எஸ். மாடல் வேண்டும். கரும்பலகைப் படம் மட்டும் போதாது. கையால் கழற்றி மாட்டினால்தான் மனதில் நிற்கும். இரண்டு, ஜனவரி சாலைப் பாதுகாப்பு மாதத்தில் பேரணியோடு நின்றுவிடாமல், லாரி ஸ்டாண்டிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் இலவச பிரேக் சோதனை முகாம் நடத்துவோம். எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று பச்சைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுப்போம். நம் பேரவை நினைத்தால் இது முடியாத காரியமல்ல.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? டிப்ளமோ என்பது வேலைக்கான சீட்டு மட்டுமல்ல. புத்தகத்துக்கும் ஸ்டியரிங் பிடிக்கும் கைக்கும் நடுவில் நிற்கிறவர்கள் நாம்தான். படித்ததைச் சொல்லிக் கொடுப்போம், வாருங்கள்!