சுருக்குவதை நம் வீட்டிலேயே சுருக்குவோம்

போன மாதம் ஒரு மாலை, குப்பத்து இளைஞர் ஒருவர் மடிக்கணினியோடு எங்கள் திண்ணைக்கு வந்தார். பொன்னேரியில் கல்லூரியில் படிக்கிறவர். குப்பத்துக்கென்று ஒரு வலைப்பக்கம் செய்திருக்கிறார். காற்று, அலை எச்சரிக்கை, முகத்துவாரம் எப்படி இருக்கிறது, இறால் விலை, நிவாரண அறிவிப்பு எல்லாம் அதில் உண்டு. எழுத்துப் பிழை பார்த்துத் தரச் சொன்னார். பார்த்துக் கொடுத்தேன்.

"சுருக்கிட்டுப் போட்டுடறேன் தாத்தா. ஏரிக்குள்ள சிக்னல் கம்மி, பக்கம் சின்னதா இருந்தா சீக்கிரம் திறக்கும்" என்றார். நல்ல எண்ணம்தான். கணினி எழுத்து முழுவதையும் நகலெடுத்து, ஏதோ ஒரு வலைத்தளத்தில் இருந்த பெட்டியில் ஒட்டி, பொத்தானை அழுத்தினார்.

இந்தச் சுருக்கல் என்னவென்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வலைப்பக்கத்துக்கும் பின்னால் எச்டிஎம்எல் என்ற ஓர் எழுத்துப்படி இருக்கிறது. எழுதுகிறவர் தமக்குப் புரிய வேண்டும் என்று இடம் விட்டு, வரி பிரித்து, நடுநடுவே குறிப்பும் எழுதி வைப்பார். கணினிக்கு இவை பெரும்பாலும் தேவையில்லை. அவற்றை எடுத்துவிட்டால் பக்கம் அதேபோலத் தெரியும், எடை குறையும். மீனை ஆய்ந்து செதிளும் குடலும் நீக்குவது போல. ஆனால் சதையில் கை வைக்க முடியாது. 'மீன்' என்ற சொல் இணையத்தில் 12 பைட் பிடிக்கும். என்ன சுருக்கினாலும் அது 12 பைட்தான். கைபேசியில் எடுத்த ஒரு படத்தைக் குறைத்தால் இதைவிட அதிகம் மிஞ்சும். ஆனாலும் சிறு மிச்சமும் மிச்சமே.

கடலோர மக்களுக்கு இது புதிய கவலை அல்ல. எங்கள் புதுச்சேரிப் பக்கம் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் கிராமத் தகவல் மையத் திட்டத்தைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து அலை உயரத்தை இறக்கி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவனுக்குச் செய்தி நேரத்துக்கு வர வேண்டும்.

இருக்கட்டும். அன்று என் கண்ணில் பட்டது வேறு. எழுத்துப்படியின் நடுவே இருபது முப்பது பேரின் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. தடைக்கால நிவாரணம் இன்னும் வராதவர்களின் பட்டியல்.

"இது என்னப்பா?"

"கமெண்ட் தாத்தா. என் ஞாபகத்துக்கு எழுதி வச்சது. பக்கத்துல தெரியாது. சுருக்கும்போது அதுவும் போயிடும்."

"போயிடும், சரி. நீ ஒட்டினாயே, அது எங்கே போகிறது?"

அவருக்குத் தெரியவில்லை. தவறு இங்கேதான். பெயர்களை நீக்கித் தருவதற்கு முன்னாலேயே அவை முழுதாக அந்த ஊர் பேர் தெரியாத கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். வைத்துக்கொள்வார்களா, அழிப்பார்களா, யாரைக் கேட்பது?

"மீனவன் பட்டியல் யாருக்கு வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நிவாரணத்துக்குக் காத்திருப்பவனின் பெயரும் எண்ணும் தெரிந்தால், "பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று ஒரு குரல் கூப்பிட எவ்வளவு நேரம்? 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வரட்டும், நம் கையில் உள்ளதை முதலில் நாம் காப்போம்.

இத்தனைக்கும் இந்த வேலைக்கு வெளியாள் தேவையே இல்லை. நம் பிரவுசருக்குள்ளேயே சுருக்கித் தரும் கருவிகள் உண்டு. அங்கே நிரல்தான் நம் கணினிக்கு வருகிறது, நம் எழுத்து வெளியே போவதில்லை. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: கருவியைத் திறந்துகொண்டு, இணையத்தை அணைத்துவிட்டுச் சுருக்கிப் பாருங்கள். வேலை நடந்தால் சுருக்குவது உங்கள் கணினியில்தான். நடக்காவிட்டால் வெளியே அனுப்பிச் செய்வதாக இருக்கலாம். இதுவும் முழு உத்தரவாதம் ஆகாது. இணையம் திரும்பியதும் அனுப்புகிற கருவியும் இருக்கலாம். ஆகவே பெயரும் எண்ணும் எழுத்துப்படியில் இருக்கவே கூடாது. அலுவலகத்தில் கடிதம் வெளியே போகும், குறிப்புத்தாள் கோப்பிலேயே இருக்கும். கமெண்டும் குறிப்புத்தாள்தான். அப்படியே வெளியிட்டால், பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கிற எவருக்கும் அது தெரியும்.

பள்ளியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சு முறையில் நொத்தேர் எழுதும் மூலப் பத்திரத்துக்கு 'மினுத்' என்று பெயர். சிறிய எழுத்தில் எழுதியதால் வந்த பெயர். அது அவர் அலுவலகத்திலேயே இருக்கும். வெளியே போகும் நகல் பெரிய எழுத்தில் இருந்ததால் அது 'குரோஸ்'. கணினியில் தலைகீழ்: சிறியது வெளியே போகிறது, பெரியது வீட்டில் இருக்க வேண்டும். முறை மட்டும் மாறவில்லை. மூலம் வீட்டை விட்டுப் போகக் கூடாது. சுருக்கிய படியில் பிறகு திருத்துவது பெரும்பாடு என்பதாலும் மூலத்தைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அந்த இளைஞர் பட்டியலை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, எழுத்துப்படியிலிருந்து நீக்கினார். பிறகு இணையத்தை அணைத்துவிட்டு, பிரவுசரிலேயே வேலை செய்யும் வேறொரு கருவியில் சுருக்கினார். அதே அளவுதான் குறைந்தது. முதலில் ஒட்டியதைத் திரும்பப் பெற மட்டும் வழியில்லை. பட்டியலில் இருந்தவர்களிடம், "யார் கூப்பிட்டு நிவாரணம் என்றாலும் எண் எதுவும் சொல்லாதீர்கள்" என்று மறுநாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வந்தார்.

உங்கள் பேரப்பிள்ளைகளும் இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எங்கே போகிறது, கண்ணு?" அதைக் கேட்கக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.